உன் அப்பாவை அந்த ஊசி கொல்லவில்லை

எய்யா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் அடுப்படியிலேயே செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். "எங்கப்பாவக் கொன்ன ஊசிய எம் பொண்டாட்டி முதுகுல போட நான் கையெழுத்துப் போடணுமா? என்னால ஏலாதும்மா" என்றாய். அதற்கு நான், "சரிய்யா, ஒன் இஷ்டம்" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே வாய் கசந்தது. மறுத்துப் பேச என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. அதை நான்கு வருடத்துக்கு மேலாக மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். பாதி கேட்டுவிட்டு நீ வைத்துவிடுவாய், மீதியைச் சொல்ல எனக்கும் நாக்கு எழாது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவதில் பிழை இருக்கும். கம்பெனியில் புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற காஸ் துணி மடித்து மடித்து விரல் அதற்குத்தான் பழகியிருக்கிறது, பேனாவுக்குப் பழகவில்லை. பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

இதை நான் ஒட்டி அனுப்பப் போவதில்லை. முதலில் உன் பொண்டாட்டி கோதை கையில் கொடுப்பேன். அவள் படித்துவிட்டு பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். நீ படித்த பிறகு நம் சொந்தக்காரர் எல்லோருக்கும், உன் சிநேகிதர்களுக்கும் அனுப்பு. அன்றைக்கு அந்த நர்ஸ் பிள்ளையின் போட்டோவைப் போட்டு நீ எழுதியதை எத்தனை பேருக்கு அனுப்பினாயோ, அத்தனை பேருக்கும் இது போக வேண்டும். ஊர் பார்க்க ஏற்றிய பழியை ஊர் பார்க்கத்தான் இறக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

கோதைக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்தில் வலி என்று ஒன்றுமில்லாமல் நழுவிப் போயின. இரண்டாவது தடவை நீ கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் துணிப் பொட்டலத்தைக் கையில் வாங்கியது நான்தான். அதன் விரல்கள் எப்படி இருந்தன என்று உனக்கு நான் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. கர்ப்பப்பையின் வாய் பிள்ளையின் கனத்தைத் தாங்காமல் திறந்துகொள்கிறதாம். பதினாலு வாரத்துக்குள் அதைச் சுற்றி ஒரு தையல் போட்டுவிட்டால் நிற்க வாய்ப்பு இருக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் லேடி டாக்டர் சொல்கிறார். தையல் போட கால் மணி, அரை மணி நேரம். அதற்கு முழு மயக்கம் தேவையில்லை, முதுகில் சீக்கிரம் விட்டுப்போகிற மரப்பு ஊசி ஒன்று போதும் என்கிறார். வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார். நீ வேண்டாம் என்றால் கோதை உன்னை மீறித் தையலுக்குப் படுக்க மாட்டாள். "அவிய மனசுல என்ன இருக்குன்னு தெரியுமே அத்தே" என்கிறாள். அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

உனக்கு ஏழு வயசில் தாடை கிழிந்தது நினைவிருக்கும். மில் குவார்ட்டர்ஸ் தண்ணித் தொட்டியிலிருந்து குதித்தாய். டாக்டர் காயத்தைச் சுற்றி மரப்பு ஊசி போட்டுவிட்டு, "செத்த நேரம் ஆவட்டும், மரத்த பொறவு தைப்போம்" என்றார். ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, "வலிக்காடே?" என்று கேட்டார். நீ அவரைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற உன் அப்பா முகத்தைப் பார்த்தாய். "இல்ல" என்றாய். அவர் தைத்தார். மூன்று தையல் முடியும் வரை நீ மூச்சுவிடவில்லை. என் உள்ளங்கையில் உன் நகம் நாலு பிறை வெட்டியிருந்தது. திரும்பி வரும்போது சைக்கிள் கேரியரில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகில் மெதுவாகச் சொன்னாய்: "வலிச்சுச்சும்மா. அப்பா நின்னாகல்லா, அதான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல், டாக்டர் இன்னும் கொஞ்சம் போடுவார் என்று அன்றைக்கு உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான். நம் வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் நமக்கு வலியே வரும்.

உன் அப்பாவும் அப்படித்தான் மூல நோயை மூன்று வருடம் மறைத்தார். மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் முன்னால் எட்டு மணி நேரம் நின்று வந்து, சைக்கிள் சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுவார். கேட்டால் சூடு என்பார். வேட்டியில் ரத்தத்தை நான் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது உனக்குக் கோதையைப் பேசி, பூ வைத்து பத்து நாள்கூட ஆகவில்லை. சம்பந்தி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயில் பக்கம் பூக்கடை. நம்மைவிட ஒரு படி மேலே இருந்தவர்கள், உன் படிப்பைப் பார்த்து இறங்கி வந்தவர்கள். அதனால் ஆபரேஷனை அவர்களிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு அப்பா என்ன நோய்க்குப் படுத்திருக்கிறார் என்று கேட்டால் எதைச் சொல்வது? உன்னையும் லீவு போட வேண்டாம் என்றார். "ஒரு நாள் வேல, இதுக்கு அவன் எதுக்கு கோயமுத்தூர்ல இருந்து வரணும்" என்றார்.

ராஜபாளையத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் காலையில் போனோம். மயக்க டாக்டர் நல்ல மனுஷன். கட்டிலில் உட்கார்ந்து பேசினார். "பெரியவரே, இது சீக்கிரம் புடிச்சு சீக்கிரம் விட்டுர்ற ஊசி. இடுப்புக்குக் கீழ கட்டை மாதிரி ஆயிரும், பயப்படக் கூடாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல காலு வந்துரும். எல்லாம் சரியா இருந்தா சாயங்காலமே வீட்டுக்குப் போலாம்." உன் அப்பா, "அப்ப நாளைக்கு ஷிப்டுக்கு வாரேன்னு சூப்பர்வைசருக்குச் சொல்லிரட்டுமா சார்?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். தியேட்டரிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போதும் அதே குறும்பு. "ஏட்டி, எங்காலு ரெண்டும் கூட வருதான்னு பாரு, உள்ளயே வச்சிட்டு வந்துறப் போறாங்க" என்றார். அவர் சிரித்துப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. அதனால்தான் அவ்வளவையும் அப்படியே எழுதுகிறேன்.

வார்டில் அவரைப் பார்த்துக்கொண்டது மெர்சி என்ற நர்ஸ் பிள்ளை. ஊர் சுந்தரபாண்டியம். படிப்பு முடித்து வந்த முதல் வேலை, ஒல்லியாக, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து பிரஷர் பார்த்தது. என்னிடம் சொன்னது, நான் தலையாட்டிக் கேட்டேன்: "யம்மா, காலு அசைஞ்சிருச்சேன்னு எந்திரிக்க விட்றாதீங்க. காலு முன்னால வந்துரும், பிரஷர் வர நேரமாகும். நான் வந்து பாத்து, மொதல்ல உக்கார வச்சு, தலை சுத்தலன்னா பொறவு நானே கையப் புடிச்சு எறக்குவேன். அதுவரைக்கும் ஒண்ணுக்குன்னாலும் இந்தப் பாத்திரந்தான்." இன்னொரு தடவை வந்தபோதும் இதையே சொன்னது. "சரி தாயி, சரி தாயி" என்றேன். இரண்டு தடவை. அதை மறந்துவிடாதே.

பிறகு பக்கத்து ரூமில் யாரோ கூப்பிட்டு அது போனது. அந்த நேரம் பார்த்து சம்பந்தி போன் பண்ணினார். எப்படியோ அவர் காதுக்கு விஷயம் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டோம், ஆட்டோ பிடித்து வருகிறோம் என்றார். உன் அப்பா முதுகுப் பக்கம் நாடா முடிகிற ஆஸ்பத்திரிக் கவுனில் படுத்திருந்தார், பின்பக்கம் முழுக்க திறந்து கிடக்கும். "வேட்டிய எடுட்டி. சம்பந்தி முன்னால இந்தக் கோலத்துலயா கெடக்கது" என்றார். பையில் புது வேட்டி வைத்திருந்தேன். அவர் காலை மடக்கிக் காட்டினார், நீட்டினார், கட்டைவிரலை ஆட்டினார். ஊசி விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். தோளுக்குக் கீழே கை கொடுத்து எழுப்பி உட்கார வைத்தேன். உடனே தரையில் நிற்க வைத்தேன். அவர் வேட்டியை ஒரு சுற்று சுற்றினார். நான் பின்னால் நின்று கவுன் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணு இருட்டுதுட்டி" என்றார். நாடாவை விட்டுவிட்டுப் பிடிப்பதற்குள் சரிந்துவிட்டார். அடுத்த கட்டிலின் இரும்பு மூலையில் தலை பட்ட சத்தத்தை நான் கேட்டேன். வாசலில் பழப் பையோடு கோதையின் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள்.

மெர்சி ஓடி வந்தது, டாக்டர் ஓடி வந்தார். ரத்தத்தை நிறுத்த அழுத்திய காஸ் துணி நம் கம்பெனி மடிப்பு மாதிரியே இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் என்னிடம், "யாரும்மா எழுப்பினது?" என்று கேட்டார். சம்பந்தி பக்கத்தில் நிற்கிறார். நான் சொன்னேன்: "யாரும் எழுப்பல சார். அவியளாத்தான் எந்திரிச்சாக. எந்திரிக்கக் கூடாதுன்னு இந்தப் பிள்ள எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல." மெர்சி என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து அடுத்த காஸ் துணியைப் பிரித்தது.

எய்யா, அங்கிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இல்லை. தலைக்குள்ளே ரத்தம் கட்டி மூன்றாம் நாள் போய்விட்டார். ஊசி போட்டதில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று யாரோ ஆரம்பித்தார்கள், ஊசியும் நர்சும் என்று ஆனது. காரியம் முடிந்த மறுநாள் நீ மாமன் மச்சானைக் கூட்டிக்கொண்டு அந்த ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனாய். நானும் வந்தேன், உனக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றது. "எங்கப்பாவுக்கு நீதான்டி எமன்" என்று நீ சொன்னாய். உன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்க வேண்டியவள் நான். முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டு நின்றேன். அழுகை உண்மைதான். ஆனால் அழுகிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள் இல்லையா, அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ அதன் போட்டோவைப் போட்டு எழுதினாய். அந்த வாரமே அதன் வேலை போயிற்று.

இன்னொன்றும் செய்தேன். பூ வைத்த பத்தாம் நாள் மாமனாரைத் தூக்கிவிட்டாள், அந்தப் பெண்ணின் ராசி அப்படி என்று அப்பா செத்த துஷ்டி வீட்டில் இரண்டு பேர் பேசினார்கள். கேட்காதது போல் இருந்தேன். பழி வேறு எங்கே போனாலும் சரி, என் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்று இருந்தது. நீ வருஷம் கழித்துப் பிடிவாதமாக அவளையே கட்டினாய். இரண்டு பிள்ளை நழுவியபோது அந்தப் பேச்சு மறுபடி வந்தது. அது கோதை காதுக்கும் போயிருக்கிறது. போன மாதம் வெந்தயம் ஊறப்போட்டுக்கொண்டே, "எனக்கு நிக்கிற ராசி இல்லையோ அத்தே" என்று கேட்டாள். அந்த நொடியில்கூட நான் சொல்லவில்லை. கோதை, நீ இதைப் படிக்கிறாய். உன் ராசியில் ஒரு குறையும் இல்லை. உன்னால் இந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு சுந்தரபாண்டியம் போனேன். மெர்சி வீட்டை விசாரித்துப் போனால், அதன் அம்மா, பிள்ளை கிருஷ்ணன்கோவிலில் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது என்றாள். காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிற கடை. "யக்கா, ரெண்டு பக்கமும் போடுங்க", "யக்கா, பஸ்சு போயிரும்க்கா" என்று ஒரே சத்தம். மெர்சி நிமிர்ந்து பார்த்தது. நாலு வருடத்தில் முகத்துக்குப் பத்து வயசு கூடியிருந்தது. "என்னத் தெரியுதா தாயி?" என்றேன். "தெரியாமலா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டது. பிள்ளைகள் போகும் வரை இருந்து, பிறகு சொன்னேன். இரண்டு தடவை நீ சொல்லியும் நான்தான் எழுப்பினேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அது தாளை எடுத்துத் தட்டி அடுக்கியது. "எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றது.

"கவுனோட படுத்திருந்தவரு. கீழ கெடக்கையில இடுப்புல பாதி வேட்டி. எந்திரிச்சு நிக்கவே முடியாத மனுசன் பையத் தொறந்து, புது வேட்டி மடிப்பக் கலைச்சு, தானா எடுத்துக் கட்டுவாராம்மா?"

"அப்ப ஏன் தாயி யார்ட்டயும் சொல்லல?"

"டாக்டர்ட்ட சொன்னேன். புருசனப் பறிகொடுத்துட்டு நிக்கிறவுக மேல பழி போடாதன்னாரு. அதுவும் சரிதான்னு இருந்துச்சு. ஒங்க மகன் கத்தும்போது சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். ஒங்க மூஞ்சியப் பாத்தேன். வரல."

"வேற ஆஸ்பத்திரியில கேக்கலியா?"

"கேட்டேன். போன எடமெல்லாம் எனக்கு முன்னாடி எம் போட்டோ போயிருந்துச்சு."

எய்யா, அதற்கு மேல் அது ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோதைக்கும் அதே மாதிரி ஊசிதான், நீ வேண்டாம் என்கிறாய் என்று சொன்னேன். அவ்வளவு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை மிஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பியது. பழைய கணீர்க் குரல் வந்துவிட்டது. "வேண்டாங்கக் கூடாதும்மா. சின்ன வேலைக்கு அது நல்ல ஊசி" என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் சொன்னது. நான் மறக்கக் கூடாது என்று ஒரு வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

அந்த ஊசி மருந்து உடம்பில் தங்குவதில்லையாம். நம் ரத்தத்திலேயே அதை உடைத்துப் போடுகிற சத்து ஒன்று இருக்கிறதாம், அது இருப்பதால்தான் சீக்கிரம் விடுகிறது. ஆயிரத்தில் யாருக்கோ அந்தச் சத்து குறைவாக இருக்கும், அவர்களுக்கு மரப்பு நெடுநேரம் நிற்கும். அதனால்தான் உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து தெளிய ரொம்ப நேரம் ஆனதா என்று கேட்பார்கள். இல்லை என்று சும்மா தலையாட்டாமல், கோதை தன் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பல் பிடுங்கவோ தையலுக்கோ மரப்பு ஊசி போட்டு எப்போதாவது தடித்ததா, மூச்சு முட்டியதா என்றால் அதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று, முன்னால் பார்த்த டாக்டர் கோதைக்கு ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். இந்த டாக்டரம்மா கோபித்துக்கொள்வாரோ என்று அவள் அதைச் சொல்லாமல் இருக்கிறாள். நேற்று நான் துருவிக் கேட்டுத்தான் தெரிந்தது. முதுகில் ஊசி போடுமுன் அது கட்டாயம் தெரிய வேண்டுமாம். அதை இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீயும் சொல். காலையில் எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது என்கிறார்களோ அதற்கு மேல், கோயில் தீர்த்தமானாலும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று சம்பந்தியம்மாளிடம் நானே சொல்லிவிட்டேன்.

ஊசி போட்டதும் பிரஷர் கொஞ்சம் இறங்கும், குமட்டும். காதில் இரைச்சல், நாக்கில் இரும்பு மாதிரி ருசி, படபடப்பு என்று எது வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்ல வேண்டும். பார்த்துக்கொள்ள ஆளும் மருந்தும் பக்கத்திலேயே இருக்கும், சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். சீக்கிரம் விடுகிற ஊசி என்பதால் வலியும் சீக்கிரம் வரும், அதற்கு முன்னாலேயே மாத்திரை கேட்டு வாங்க வேண்டும். ஒன்றுக்குப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு காலில் மரப்பு திரும்பினால், உட்கார்ந்தால் தலை வெடிக்கிற மாதிரி வலித்தால் மறுபடி போக வேண்டும். தாடையைத் தைத்தபோது நீ சொல்லாமல் இருந்தாயே, அதை கோதை செய்யக் கூடாது. அவளுக்கு நீ இதைச் சொன்னால்தான் ஏறும். "வலிச்சா சத்தம் போடு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று உன் வாயால் சொல்.

கிளம்பும்போது மெர்சியிடம், "வியாழக்கிழமை செத்த நேரம் வந்து எம் மருமக பக்கத்துல நிப்பியா தாயி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அது தலையை ஆட்டியது. "ஆஸ்பத்திரி வாசலையே இப்பல்லாம் சுத்திக்கிட்டுத்தான் போறேம்மா. நான் வரல" என்றது. ஒரு பையன் நோட்டை நீட்டினான், மிஷினைப் போட்டது. நான் படியிறங்கும்போது, "எந்திரிக்கையில மட்டும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டது. "தெரியும் தாயி" என்றேன். இப்போதுதான் தெரிந்தவள் மாதிரி.

இத்தோடு முடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன். மூட முடியவில்லை. மேலே ஒரு இடத்தில் உன் அப்பா வேட்டியை எடுக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறேன். மெர்சியிடமும் அப்படித்தான் சொன்னேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். வேண்டாம், கிடக்கட்டும். நான் எப்படிப்பட்டவள் என்று நீ பார். உன் அப்பா கேட்கவில்லை. சம்பந்தி வருகிறார் என்றதும் அவர், "வரட்டும்ட்டி, போர்வைய இழுத்து விடு, போதும்" என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. "பின்னால தெறந்து கெடக்கு, பொண்ணு குடுக்கிறவுக என்ன நெனைப்பாக. எந்திரிங்க, ஒரு நிமிசம்" என்றேன். "அந்தப் பிள்ள வந்துரட்டுமே" என்றார். "காலுதான் வந்துருச்சே, சும்மா எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஆயுசுக்கும் யாருக்காகவோ வலியை மறைத்த மனுஷன், அன்றைக்கு ஒரு நாள் மறைக்க வேண்டாம் என்று இருந்தார். நான் விடவில்லை.

அவ்வளவுதான் எய்யா. ஊசி தன் வேலையைச் செய்தது, நர்ஸ் தன் வேலையைச் செய்தது. சொன்ன பேச்சைக் கேட்காதவள் நான். இனி நீ என்னிடம் பேச வேண்டும் என்று கேட்கமாட்டேன். மெர்சியிடம் போய் நில், அது உன்னைப் பார்க்காவிட்டாலும் நில். அதன் போட்டோவைப் பார்த்த எல்லோருக்கும் இதை அனுப்பு. கோதைக்குக் கையெழுத்துப் போடு. புதன்கிழமைக்குள் வந்துவிடு, வர முடியாவிட்டால் டாக்டரிடம் போனிலாவது சம்மதம் சொல். நீ என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் நான் ஆஸ்பத்திரி வெளியே வேப்பமரத்தடியில் இருந்துகொள்கிறேன், உள்ளே நீ இரு.

என்னை உள்ளே விட்டால், நான் செய்யப் போவது ஒன்றுதான். நர்ஸ் வந்து பிரஷர் பார்த்து, உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, இப்போது இறங்கலாம் என்று அது வாயால் சொல்கிற வரை யாரையும் வாசல் தாண்ட விடமாட்டேன். சம்பந்தியானாலும் சரி, உன் மாமனானாலும் சரி. கோதை கால் அசைந்துவிட்டது அத்தே என்பாள். அசையட்டும். சேலை விலகியிருக்கிறது என்பாள். விலகியிருக்கட்டும். உன் அப்பாவை இழுத்து எழுப்பிய இந்தக் கை அவள் தோள் மேல் இருக்கும். படுத்திரு தாயி என்று அழுத்திக்கொண்டே இருக்கும்.

உன் அம்மா